முந்நூறும் எழுநூறும்: ஒரு பழைய மகிழுந்தின் எண்ணிக்கைகள் உணர்த்துவன

தோற்றுவாய்

எண்ணையும் எழுத்தையும் ஒரே நிலையில் வைத்துப் போற்றியவர்கள் நம் முன்னோர். எனினும் தமிழ் பயில்வோராகிய நாம் எழுத்திற்குக் காட்டும் ஆர்வத்தை எண்ணிற்குக் காட்டுவதில்லை. ஒரு செய்யுளைக் கண்டால் அதன் பொருள் யாது, அது எச்சூழலில் பாடப்பெற்றது, பாடவேறுபாடு உண்டா என்று பலவாறு ஆராய்கிறோம். ஓர் எண்ணைக் கண்டால் அதனை அவ்வாறே ஏற்றுக்கொண்டு அப்பால் நகர்ந்துவிடுகிறோம். செய்யுளுக்கு உரை வேண்டுவது போன்றே எண்ணிற்கும் உரை வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

இக்கருத்தை விளக்க, தமிழ்த்துறை மலரின் வாசகர்கள் எதிர்பார்த்திராத ஒரு பொருளை நாம் எடுத்துக்கொள்கிறோம். அமெரிக்க நாட்டில் செவர்லே நிறுவனம் உருவாக்கிய கார்வெட் என்னும் இருவர் அமரும் மகிழுந்தே அது. 1953ஆம் ஆண்டு முதல் 1962ஆம் ஆண்டு முடிய உள்ள பத்தாண்டுக் காலத்தில் அம்மகிழுந்து எத்தனை செய்யப்பட்டது, அதற்கு எவ்வெவ் எஞ்சின்கள் பொருத்தப்பட்டன என்னும் விவரங்கள் விரிவாகப் பதிவாகியுள்ளன. அப்பதிவுகளை எஞ்சினோடு சேர்த்துப் படிப்பவர்க்கு ஒரு பொருள் கிடைக்கிறது. எண்ணை மட்டும் தனித்துப் படிப்பவர்க்கு வேறொரு பொருள் கிடைக்கிறது. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள வேறுபாட்டில்தான் அம்மகிழுந்தின் வாழ்வும் சாவும் அடங்கியிருந்தன.

எண்ணிக்கைப் பட்டியல்

முதற்கண் பட்டியலை நோக்குவோம்.

1953 – 300
1954 – 3,640
1955 – 700
1956 – 3,467
1957 – 6,339
1958 – 9,168
1959 – 9,670
1960 – 10,261
1961 – 10,939
1962 – 14,531

இவற்றைக் கூட்டினால் 69,015 ஆகும்.

இங்கு ஒன்றைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். ஈண்டு ஆண்டு எனப்படுவது சனவரியில் தொடங்கி திசம்பரில் முடியும் நாட்காட்டி ஆண்டு அன்று. அமெரிக்க மகிழுந்து நிறுவனங்கள் அடுத்த ஆண்டிற்குரிய வடிவத்தை முந்தைய ஆண்டின் இலையுதிர் காலத்திலேயே விற்பனைக்குக் கொண்டுவருவது வழக்கம். அவ்வடிவத்திற்குரிய பெயரே மாதிரி ஆண்டு என்பது. நம் கல்வியாண்டு நாட்காட்டி ஆண்டோடு ஒத்துப்போகாதது போன்றதே இதுவும். இவ்வேறுபாட்டை உணராமல் இருவேறு நூல்களிலுள்ள எண்களை ஒப்பிடுவோர், ஒன்று பிழையென்று கருதி இடர்ப்படுவர். பலவேளைகளில் இரண்டும் சரியாகவே இருக்கும்.

இப்பட்டியலில் இரண்டு எண்கள் நம் கண்ணை ஈர்க்கின்றன. 1953இல் முந்நூறு, 1955இல் எழுநூறு. இரண்டும் சிறிய எண்களே. இரண்டும் ஒரே காரணத்தால் சிறுத்தன என்று எண்ணினால் அது தவறாகும்.

முந்நூறு: வரையறுத்துச் செய்தது

1953ஆம் ஆண்டு சனவரித் திங்களில் நியூயார்க் நகரின் வால்டார்ஃப் அஸ்டோரியா விடுதியில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தார் ஒரு கண்காட்சியை நடத்தினர். செவர்லே அந்நிறுவனத்தின் ஒரு பிரிவாகும். வடிவமைப்புத் துறையின் தலைவராயிருந்த ஹார்லி ஏர்ல் என்பாரின் கருத்தில் உருவான ஒரு வெள்ளை மகிழுந்து அங்கு வைக்கப்பட்டது. விரைந்து செல்லும் சிறு போர்க்கப்பலுக்குரிய பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. கண்டோர் வியந்தனர், நிறுவனத்தார் அதனை விற்பனைக்குக் கொண்டுவர முனைந்தனர். அதே ஆண்டு சூன் 30ஆம் நாள் மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளிண்ட் நகரில் முதல் வண்டி உருவாகி வெளிவந்தது.

கண்காட்சிக்கும் உற்பத்திக்கும் இடையே இருந்தவை ஆறு திங்களுக்கும் குறைவான நாட்களே. எஃகுத் தகட்டினால் உடலமைப்பைச் செய்வதாயின், தகட்டை அழுத்தி வளைக்கும் பெரிய அச்சுகளை முதலில் உருவாக்கியாக வேண்டும்; அதற்குக் காலமும் பெரும்பொருளும் தேவை. ஆகவே கண்ணாடி இழையைப் பிசினில் தோய்த்து அச்சில் படியவைக்கும் முறையைக் கையாண்டனர். இம்முறையில் அச்சுக்கு ஆகும் செலவு குறைவு. ஆனால் பணியாளரின் கைவேலை மிகுதி. எனவே சிறிதளவு செய்வதற்கே இம்முறை அன்று ஏற்றதாக இருந்தது. முதல் ஆண்டின் முந்நூறு வண்டிகளும் பெரும்பாலும் கைத்திறனால் பொருத்தப்பட்டவையே. அவற்றின் தொடர் எண்கள் 001001 தொடங்கி 001300 முடிய அமைந்தன. புறத்தே வெண்ணிறம், உள்ளே செந்நிறம், மேலே கருந்துணிக் கூரை என எல்லாம் ஒரே வண்ண அமைப்பில் இருந்தன.

முந்நூறு என்பது இவ்வாறு செய்வோர் தாமே வரையறுத்துக்கொண்ட அளவாகும். அது மக்கள் அளித்த தீர்ப்பு அன்று.

அவ்வாண்டில் வாங்குவோர்க்கு விருப்பத் தேர்வாக இரண்டு பொருள்கள் விலைப்பட்டியலில் காட்டப்பட்டன. ஒன்று வெப்பமூட்டும் கருவி, மற்றொன்று வானொலி. ஆனால் முந்நூறு வண்டிகளிலும் இவ்விரண்டும் பொருத்தப்பட்டே வந்தன. விருப்பம் என்பது பெயரளவில் நின்றது. எஞ்சினிலோ கியர் அமைப்பிலோ தேர்வு என்பதே இல்லை.

எஞ்சினின் கொள்ளளவு

எஞ்சின்களைப் பற்றிப் பேசுமுன், அவற்றை அளக்கும் முறையைச் சுருக்கமாகக் காண்போம். எஞ்சினுக்குள் உருண்டைக் குழாய் போன்ற சிலிண்டர்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஒரு பிஸ்டன் மேலும் கீழும் இயங்குகிறது. சிலிண்டரின் குறுக்களவு ஒன்று. பிஸ்டன் மேலிருந்து கீழே செல்லும் தொலைவு மற்றொன்று. குறுக்களவைக் கொண்டு வட்டத்தின் பரப்பைக் கண்டு, அதனைப் பிஸ்டன் செல்லும் தொலைவால் பெருக்கி, சிலிண்டர்களின் எண்ணிக்கையாலும் பெருக்கினால் எஞ்சினின் கொள்ளளவு கிடைக்கும். பள்ளியில் உருளையின் கன அளவு கண்ட கணக்கே இது, வேறொன்றும் இல்லை.

கார்வெட்டின் முதல் எஞ்சின் ஆறு சிலிண்டர் கொண்டது. குறுக்களவு 3.5625 அங்குலம், பிஸ்டன் செல்லும் தொலைவு 3.9375 அங்குலம். கணக்கிட்டால் 235 கன அங்குலத்திற்குச் சற்று மேல் வரும். நம் அளவையில் ஏறத்தாழ 3,860 கன சென்டிமீட்டர். இவ்வெஞ்சின் புதிதன்று, செவர்லேயின் எளிய குடும்ப வண்டிகளில் பொருத்தப்பட்டு வந்ததே. அவ்வாண்டில் தானியங்கிக் கியர் அமைந்த குடும்ப வண்டியில் அது 115 குதிரைத்திறன் தந்தது. கார்வெட்டிற்காக அதன் அழுத்த விகிதத்தை உயர்த்தி, ஒரு கார்புரேட்டருக்கு மாறாக மூன்றைப் பொருத்தி, 150 குதிரைத்திறன் வரப்பெற்றனர். அவ்வெஞ்சினோடு இணைந்தது இரண்டே வேகநிலை கொண்ட தானியங்கிக் கியர்.

இங்கு ஒரு நுட்பத்தை நோக்குதல் வேண்டும். இவ்வெஞ்சினில் பிஸ்டன் செல்லும் தொலைவு குறுக்களவைவிட மிகுதி. அதாவது சிலிண்டர் ஒடுங்கி நீண்டது. இத்தகைய எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது நன்றாக இழுக்கும். சுமையேற்றிய வண்டிக்கு ஏற்றது. ஆனால் விரைவாகச் சுழற்றினால் பிஸ்டன் ஒவ்வொரு சுற்றிலும் நெடுந்தொலைவு ஓடித் திரும்ப வேண்டியிருப்பதால் உறுப்புகள் பெருந்தாக்குதலுக்கு உள்ளாகின்றன. பந்தய வண்டியின் தோற்றத்தைப் புறத்தே கொண்ட கார்வெட், அகத்தே குடும்ப வண்டியின் நெஞ்சத்தைக் கொண்டிருந்தது எனலாம்.

எழுநூறு: மக்கள் மறுத்தது

1953ஆம் ஆண்டின் இறுதியில் உற்பத்தி மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகருக்கு மாற்றப்பட்டது. ஆண்டிற்குப் பத்தாயிரம் வண்டிகள் என்பது நிறுவனத்தாரின் எதிர்பார்ப்பு. 1954இல் செய்யப்பட்டவையோ 3,640. அவற்றிலும் ஆயிரத்திற்கு மேற்பட்டவை ஆண்டு முடிவில் விற்பனையாகாமல் தேங்கிக் கிடந்தன. 3,498 டாலராக இருந்த விலையை 2,774 டாலராகக் குறைத்தும் பயன் விளையவில்லை. அக்குறைப்பும் முழுமையானதன்று, தானியங்கிக் கியருக்கு இப்போது தனி விலை இடப்பட்டது. வேறு கியர் அமைப்பே இல்லாத நிலையில் அதுவும் விருப்பத் தேர்வு என்றே பட்டியலில் காட்டப்பட்டது. 3,640 வண்டிகளிலும் அதுவே பொருத்தப்பட்டது.

மக்கள் மறுத்தமைக்குக் காரணங்கள் வெளிப்படையானவை. கதவுகளில் மேலேற்றி இறக்கும் கண்ணாடி இல்லை. மழை பெய்தால் தனியே செருகும் திரைகளையே நாட வேண்டும். கதவுக்கு வெளியே கைப்பிடி இல்லை. உள்ளே கைவிட்டே திறக்க வேண்டும். விலையோ குடும்ப வண்டியைவிட மிகுதி. ஆற்றலோ அவ்விலைக்கு ஈடாகவில்லை. வசதியை விரும்பியோர்க்கு வசதி கிட்டவில்லை. விரைவை விரும்பியோர்க்கு விரைவு கிட்டவில்லை.

இந்நிலையில் 1955ஆம் ஆண்டு வடிவமாக ஃபோர்டு நிறுவனம் தண்டர்பேர்டு என்னும் இருவர் அமரும் மகிழுந்தை வெளியிட்டது. அதில் எட்டுச் சிலிண்டர் எஞ்சினும், ஏற்றி இறக்கும் கண்ணாடியும் இருந்தன. முதல் ஆண்டிலேயே 16,155 வண்டிகள் செய்யப்பட்டன. அதே ஆண்டில் கார்வெட்டின் எண்ணிக்கை 700. ஒன்றுக்கு இருபத்துமூன்று என்னும் விகிதம்!

இவ்விரண்டு எண்களையும் மட்டும் ஒரு தாளில் எழுதி எவரிடம் காட்டினாலும் அவர் கூறும் முடிவு ஒன்றாகவே இருக்கும்: கார்வெட்டை நிறுத்திவிடுக. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்திற்குள்ளும் அத்தகைய எண்ணமே வலுப்பெற்றிருந்தது. அவ்வேளையில் சோரா ஆர்க்கஸ் டன்டாவ் என்னும் பொறியாளர் 1954 அக்டோபரில் மேலதிகாரிகளுக்கு ஒரு குறிப்பு எழுதினார். உருசியப் பெற்றோர்க்கு பெல்ஜியத்தில் பிறந்த அவர், கண்காட்சியில் கார்வெட்டைக் கண்டு ஈர்க்கப்பட்டு 1953இல் அந்நிறுவனத்தில் சேர்ந்தவர். ஃபோர்டு களத்தில் இறங்கியுள்ள வேளையில் நாம் பின்வாங்கினால் தோல்வியை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்பது அவர் கருத்தின் சாரம். போட்டியாளரின் வெற்றியே கார்வெட்டைக் காப்பதற்கு ஒரு காரணமாயிற்று.

ஆனால் தன்மானம் மட்டும் ஒரு வண்டியைக் காத்துவிடாது. எழுநூறு என்னும் எண்ணுக்குள் வேறொரு செய்தி மறைந்திருந்தது. அவ்வெழுநூற்றில் ஒரு சில நீங்கலாக எல்லாவற்றிலும் புதிய எட்டுச் சிலிண்டர் எஞ்சின் இருந்தது.

எட்டுச் சிலிண்டர் எஞ்சின்

செவர்லேயின் தலைமைப் பொறியாளர் எட் கோல் என்பாரின் தலைமையில் உருவாகிய அவ்வெஞ்சின் 1955ஆம் ஆண்டு வடிவங்களில் அறிமுகமாயிற்று. சிலிண்டர்கள் பக்கத்திற்கு நான்காக, ஆங்கில எழுத்தான ‘வி’யின் வடிவில் சாய்ந்து நிற்கும். குறுக்களவு 3.75 அங்குலம்; பிஸ்டன் செல்லும் தொலைவு 3 அங்குலம். முன்பு கண்ட கணக்கின்படி 265 கன அங்குலம். பழைய எஞ்சினோடு ஒப்பிடுக: அங்கே தொலைவு மிகுதி, குறுக்களவு குறைவு, இங்கே குறுக்களவு மிகுதி, தொலைவு குறைவு. சிலிண்டர் அகன்று குறுகியதால் இரண்டு நன்மைகள் விளைந்தன. பிஸ்டன் ஓடும் தொலைவு குறைந்தமையால் எஞ்சினை விரைவாகச் சுழற்ற முடிந்தது. சிலிண்டரின் தலைப்பகுதி அகன்றமையால் காற்றும் எரிபொருளும் புகுவதற்குரிய வால்வுகளைப் பெரிதாக அமைக்க இடம் கிடைத்தது. மிகுந்த காற்றை உட்கொண்டு விரைவாகச் சுழலும் எஞ்சினே மிகுந்த ஆற்றலைத் தரும்.

கொள்ளளவில் பெரியதாயினும் இவ்வெஞ்சின் எடையில் ஆறு சிலிண்டர் எஞ்சினைவிடக் குறைந்தது என்பது வியப்பிற்குரியது. கார்வெட்டில் இது 195 குதிரைத்திறன் தந்தது. எஞ்சின் மாறியதை அறிவிக்க, வண்டியின் பக்கவாட்டில் பொறித்த செவர்லே என்னும் பெயரில் ‘வி’ என்னும் எழுத்தை மட்டும் பொன்னிறத்தில் பெரிதாக்கிக் காட்டினர். தொடர் எண்ணின் முன்னும் அவ்வெழுத்தையே சேர்த்தனர்.

இவ்வெஞ்சின் கார்வெட்டிற்காகப் படைக்கப்பட்டதன்று என்பதை நாம் மறத்தலாகாது. 1955இல் செவர்லே நிறுவனம் பதினேழு இலட்சத்திற்கு மேற்பட்ட குடும்ப வண்டிகளைச் செய்தது. அப்பெருந்தொகையினரான மக்களுக்கெனவே இவ்வெஞ்சின் உருவாயிற்று. எழுநூறு வண்டிகளுக்கென்றே ஒரு புதிய எஞ்சினை உருவாக்க எந்த நிறுவனமும் முன்வராது. பதினேழு இலட்சத்தின் பொருட்டு வெட்டிய வாய்க்காலிலிருந்து எழுநூறுக்கும் நீர் பாய்ந்தது எனலாம்.

1955ஆம் ஆண்டின் எழுநூறு, முந்தைய ஆண்டின் மறுப்பால் விளைந்த எண்ணாகும். தேங்கிய வண்டிகள் விற்றுத் தீராத நிலையில் நிறுவனத்தார் குறைவாகவே செய்தனர். ஆகவே அவ்வெண் நேற்றைய எஞ்சினைப் பற்றிய சான்றே தவிர, அன்றைய எஞ்சினைப் பற்றிய சான்று அன்று. இவ்வுண்மையை உணராமல் முடிவெடுத்திருந்தால், மருந்து உட்சென்ற பின்னர் நோயாளியைக் கைவிட்ட மருத்துவரின் கதையாக அது முடிந்திருக்கும்.

1957: ஐவகைத் தேர்வு

1956இல் உடலமைப்பு புதுப்பிக்கப்பட்டது. ஏற்றி இறக்கும் கண்ணாடியும் வெளிக் கைப்பிடியும் வந்தன. ஆறு சிலிண்டர் எஞ்சின் அறவே நீக்கப்பட்டது. 265 கன அங்குல எஞ்சின் 210 குதிரைத்திறனிலும், இரட்டைக் கார்புரேட்டர்களோடு 225 குதிரைத்திறனிலும் கிடைத்தது; தனிவகை வால்வுத் தண்டு அமைந்தது இன்னும் மிகுந்த ஆற்றல் உடையது. அவ்வாண்டு சனவரியில் ஃபுளோரிடாவின் டேட்டோனா கடற்கரையில் டன்டாவ் தாமே வண்டியைச் செலுத்தி மணிக்கு 150 மைலுக்கு மேற்பட்ட விரைவை எட்டினார். எண்ணிக்கை 3,467 ஆக உயர்ந்தது.

எஞ்சின் தேர்வு என்பது முழுப்பொருளில் விளங்கியது 1957ஆம் ஆண்டில்தான். சிலிண்டரின் குறுக்களவை 3.875 அங்குலமாக விரித்து, கொள்ளளவை 283 கன அங்குலமாக்கினர். அவ்வொரே எஞ்சினை ஐந்து ஆற்றல் நிலைகளில் வாங்கலாம். செய்யப்பட்ட 6,339 வண்டிகளும் பின்வருமாறு பிரிந்தன.

220 குதிரைத்திறன், ஒரு கார்புரேட்டர் – 1,633
245 குதிரைத்திறன், இரு கார்புரேட்டர் – 2,045
270 குதிரைத்திறன், இரு கார்புரேட்டர் – 1,621
250 குதிரைத்திறன், எரிபொருள் பீய்ச்சும் அமைப்பு – 284
283 குதிரைத்திறன், எரிபொருள் பீய்ச்சும் அமைப்பு – 756

கார்புரேட்டர் என்பது உள்ளே விரைந்து செல்லும் காற்று தானே எரிபொருளை உறிஞ்சிக் கலக்குமாறு அமைந்த கருவி. வண்டி வளைவில் விரைந்து திரும்புங்கால் அதன் கிண்ணத்திலுள்ள எரிபொருள் ஒருபுறம் ஒதுங்குவதால் எஞ்சின் தடுமாறுவதுண்டு. எரிபொருள் பீய்ச்சும் அமைப்பிலோ, உட்புகும் காற்றின் அளவை அறிந்து, அதற்கேற்ற எரிபொருள் ஒவ்வொரு சிலிண்டரின் வாயிலிலும் தனித்தனியே செலுத்தப்படுகிறது. வளைவிலும் கலவை மாறுபடாது. இன்று சாலையில் காணும் மகிழுந்துகளில் மின்னணுக் கருவியால் நடைபெறும் பணியை, அன்று இயந்திர உறுப்புகளைக் கொண்டே செய்தனர்.

வண்டியின் அடிப்படை விலை ஏறத்தாழ 3,176 டாலர். இவ்வமைப்பிற்கு மேலும் 484 டாலர். அதாவது வண்டியின் விலையில் ஆறில் ஒரு பங்கிற்குச் சற்றே குறைவு. அவ்வளவு கொடுத்து அதனைப் பெற்றோர் இருவகையிலும் சேர்த்து 1,040 பேர். ஆறு பேரில் ஒருவர். அடிப்படை எஞ்சினோடு அமைதியுற்றவர்களோ 1,633 பேர், நால்வரில் ஒருவர். ஏனைய மூவரும் கூடுதல் பொருள் கொடுத்துக் கூடுதல் ஆற்றலை நாடினர். மூன்றாண்டுகளுக்கு முன் இவ்வண்டியை மக்கள் வாங்க மறுத்ததன் காரணம் இப்பட்டியலால் விளங்குகிறது. அவர்கள் வண்டியை வெறுக்கவில்லை. அதன் எஞ்சினையே வெறுத்தனர்.

1962இல் குறுக்களவு 4 அங்குலமாகவும் தொலைவு 3.25 அங்குலமாகவும் விரிந்து 327 கன அங்குல எஞ்சின் வந்தது. 250, 300, 340, 360 என நான்கு ஆற்றல் நிலைகள். அவ்வாண்டின் எண்ணிக்கை 14,531. 1954இல் எதிர்பார்த்த பத்தாயிரத்தைக் கார்வெட் முதன்முதலாகக் கடந்தது 1960இல்தான். ஆறாண்டுகள் பொறுத்திருக்க வேண்டியிருந்தது.

தண்டர்பேர்டின் கதையும் ஒப்புநோக்கத்தக்கது. 1955 முதல் 1957 முடிய மூன்றாண்டுகளில் அது 53,166 செய்யப்பட்டது. அதே மூன்றாண்டுகளில் கார்வெட் 10,506 மட்டுமே. எனினும் ஃபோர்டு நிறுவனம் 1958இல் இருவர் வண்டியைக் கைவிட்டு நால்வர் அமரும் வண்டியாக அதனை மாற்றியது. அவ்வாண்டில் 37,892 செய்யப்பட்டன. வணிக நோக்கில் அது சரியான முடிவே. ஆனால் எண்ணிக்கையில் வென்ற இருவர் வண்டி மறைந்தது. தோற்ற இருவர் வண்டி நிலைத்தது.

குதிரைத்திறனை அளக்கும் முறை

மேலே நாம் எடுத்தாண்ட குதிரைத்திறன் எண்களையும் உரையின்றி ஏற்றல் கூடாது. அக்காலத்தில் எஞ்சினை வண்டியிலிருந்து தனியே ஒரு மேடையில் நிறுத்தி, அதன் ஆற்றலை உண்ணும் துணைக்கருவிகள் பலவற்றை நீக்கிவிட்டு அளந்தனர். இது மொத்த ஆற்றல் எனப்படும். வண்டியில் உள்ளவாறே துணைக்கருவிகளும் புகைபோக்கியும் பொருத்தி அளப்பது நிகர ஆற்றல். அமெரிக்க நிறுவனங்கள் 1972ஆம் ஆண்டு வடிவங்கள் முதல் நிகர ஆற்றலையே குறிப்பிடலாயின. ஆகவே 1957இன் 283ஐ இன்றைய வண்டியின் எண்ணோடு நேராக ஒப்பிடுதல் பொருந்தாது. மொத்தச் சம்பளத்தையும் கைக்கு வரும் சம்பளத்தையும் ஒப்பிடுவது போன்ற பிழை அது.

கன அங்குலத்திற்கு ஒரு குதிரைத்திறன் என 283க்கு 283 பொருந்தியதை அந்நாளில் விளம்பரங்கள் பெரிதும் போற்றின. அது போற்றத்தக்கதே, ஆயினும் அதற்கு முந்தைய ஆண்டிலேயே கிரைஸ்லர் நிறுவனம் 354 கன அங்குல எஞ்சினில் 355 குதிரைத்திறனைக் காட்டியிருந்தது. விளம்பரத்தின் பெருமிதத்தையும் வரலாற்றின் வரிசையையும் வேறுபடுத்தி அறிதல் கற்றோர் கடனாகும்.

பொறித்த எண்ணும் இடைச்செருகலும்

இவ்வெண்கள் அறிஞர் ஆய்விற்கு மட்டும் உரியன அல்ல. இன்று பெரும்பொருள் இவற்றின்மீது நிற்கிறது. 1957ஆம் ஆண்டின் 283 குதிரைத்திறன் வண்டிகள் 756 மட்டுமே என்பதால், அவற்றைத் தேடுவோர் அடிப்படை எஞ்சின் வண்டிக்குக் கொடுப்பதினும் மிகுதியாகக் கொடுக்கின்றனர். எங்கே மதிப்பு உண்டோ அங்கே போலியும் தோன்றும். எளிய வண்டியில் அரிய எஞ்சினைப் பொருத்தி, எண்ணையும் மாற்றிப் பொறித்து விற்பாரும் உளர்.

1955இல் தொடர் எண்ணின் முன்னுள்ள எழுத்தே எஞ்சினை உணர்த்தியது. 1957இல் அவ்வசதி இல்லை. தொடர் எண்ணைக் கொண்டு எஞ்சின் வகையை அறிய இயலாது. எஞ்சினின் முன்புறத்தில் சமப்படுத்திய சிறு பரப்பொன்றில் அது செய்யப்பட்ட ஆலை, திங்கள், நாள், வகை ஆகியன குறியீடாகப் பொறிக்கப்பட்டிருக்கும். ஆனால் அக்குறியீட்டைத் தேய்த்துவிட்டு வேறொன்றைப் பொறிப்பது அரிதன்று. எனவே தேர்ந்தவர்கள் அதனோடு அமையாமல், எஞ்சின் இரும்பில் வார்ப்பிலேயே அமைந்த நாளையும் நோக்குவர். இரும்பு வார்க்கப்பட்ட நாள் முதலில் வரவேண்டும். எஞ்சின் பூட்டப்பட்ட நாள் அதன்பின் வரவேண்டும். வண்டி முடிவுற்ற காலம் அதற்கும் பின்னர் வரவேண்டும். இவ்வரிசை பிறழ்ந்தால் ஐயத்திற்கு இடமுண்டு.

சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பிப்போர் கையாளும் நெறியும் இதுவே அன்றோ? பிற்காலத்துச் சொல் முற்காலத்துப் பாடலில் வந்தால் இடைச்செருகல் என ஐயுறுகிறோம். மைக்கு மாறாக இரும்பு. ஏட்டிற்கு மாறாக எஞ்சின். ஆராயும் நெறி ஒன்றே.

நிறைவுரை

கார்வெட் இன்றும் செய்யப்பட்டு வருகிறது. 1981 முதல் கென்டக்கி மாநிலத்தின் பௌலிங் கிரீன் நகரில் அதன் ஆலை இயங்குகிறது. 1992ஆம் ஆண்டில் பத்து இலட்சமாவது வண்டி அங்கு உருவாயிற்று. புறத்தே வெண்மையும் உள்ளே செம்மையுமாக, முதல் முந்நூறு வண்டிகளின் வண்ணத்திலேயே அதனைச் செய்து பெருமை சேர்த்தனர்.

பத்து இலட்சத்தைக் கொண்டாடியோர் முந்நூற்றை நினைவுகூர்ந்தது பொருத்தமே. ஆயினும் நம் நோக்கில் நினைவுகூர வேண்டிய எண் எழுநூறேயாகும். முந்நூறு ஒரு தொடக்கத்தின் அளவு; அதில் இடர் இல்லை. எழுநூறோ முடிவுபோல் தோன்றிய தொடக்கம். அவ்வெண்ணை மட்டும் கண்டவர்கள் மூடிவிடலாம் என்றனர். அதனுள் இருந்த எஞ்சினையும் கண்டவர்கள் பொறுத்திருக்கலாம் என்றனர். எண் இருசாரார்க்கும் ஒன்றே; உரை மட்டுமே வேறு.

எந்த முயற்சியைப் பற்றியேனும் ஒரு சிறிய எண் நம்முன் வைக்கப்படும்போது, அது வரையறுத்ததால் சிறுத்ததா, மறுக்கப்பட்டதால் சிறுத்ததா, மறுக்கப்பட்டதாயின் அக்குறை இன்னும் உள்ளதா, நீங்கிவிட்டதா என்னும் வினாக்களை எழுப்புவோமாக. இவ்வினாக்களுக்கு விடை கண்ட பின்னர் எடுக்கும் முடிவு எதுவாயினும், அது ஆராய்ந்து எடுத்த முடிவாக இருக்கும்.